பூங்காவின் வாயில்

அமெரிக்க நாட்டில் ஜூன் முதல் ஆகஸ்டு வரையுள்ள மூன்று திங்களும் கோடைக்காலம். பள்ளிகள் மூடியிருக்கும். அந்நாட்களில் அங்குள்ள மாநிலப் பூங்கா ஒன்றிற்குச் செல்வோர் பெரும்பாலும் ஒரு காட்சியைக் காண்பர். அகன்ற விளிம்புத் தொப்பி அணிந்த ஒருவர் முன்னே நடப்பார். பாட்டியும் பேரனுமாக ஒரு சிறு கூட்டம் அவரைப் பின்தொடரும். அவர் ஓர் இலையைத் தொட்டுக் காட்டுவார். கவிழ்ந்து கிடக்கும் மரக்கட்டையைப் புரட்டி, அடியில் வாழும் உயிர்களைச் சுட்டுவார். பறவையின் குரல் கேட்டால் வாய்மேல் விரல் வைத்து நிற்பார். இரவில் தீ மூட்டி, அதனைச் சுற்றி அமர்ந்து கதை கேட்பதும் உண்டு. இப்பணியைச் செய்பவரை இயற்கை வழிகாட்டி என்று அழைக்கின்றனர்.

பூங்கா என்றதும் நாம் பூச்செடிகளையும் நீரூற்றையும் எண்ணிக்கொள்கிறோம். நான் கூறும் பூங்கா அத்தகையதன்று. காடும் ஆறும் மலைப்பிளவும் கடற்கரையும் அடங்கிய நிலப்பரப்பை ஒரு மாநில அரசு மக்களுக்காகக் காத்துவரும் இடமே மாநிலப் பூங்கா. வரலாறு பயிலும் நான் இப்பூங்காக்களின் கதையைப் படிக்கத் தொடங்கியபோது, மரங்களையும் பறவைகளையும் பற்றியே படிக்கப்போவதாக எண்ணினேன். படிக்கப் படிக்க, அது வாயில்களைப் பற்றிய கதை என்று தெரிந்துகொண்டேன். யாருக்காகத் திறந்த வாயில், யாருக்கு அடைத்த வாயில் என்பதே அதன் உட்பொருள்.

முதலில் நயாகரா நீர்வீழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அதன் அமெரிக்கக் கரை முழுவதும் தனியார் கைக்குப் போயிற்று. அவர்கள் வேலி கட்டினர், ஆலைகள் எழுப்பினர், அருவியைப் பார்க்க வந்தவரிடம் காசு வாங்கினர். கட்டணம் கொடாமல் அருவியைக் காணத்தக்க இடம் அக்கரையில் அரிதாயிற்று. வானம் பொழிந்த நீர் விழுவதைப் பார்க்கவும் விலையா என்று கேட்டவர் பலர். தோட்டக்கலை வல்லுநர் பிரடெரிக் லா ஓம்ஸ்டெட் அவர்களுள் முன்னின்றவர். நெடுநாள் முயற்சிக்குப் பின் நியூயார்க் மாநிலம் அந்நிலத்தை விலைக்கு வாங்கி, 1885 ஜூலை 15-ஆம் நாள் அனைவரும் கட்டணமின்றிக் காணுமாறு திறந்துவிட்டது. அதற்கு முன்பே, 1864-இல், யோசெமிட்டிப் பள்ளத்தாக்கை மக்களின் பொது இன்பத்துக்கென்று கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைக்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டிருந்தார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது இந்தியானா மாநிலத்தின் கதை. 1916-இல் அம்மாநிலம் தன் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடியது. ஜெர்மனியில் பிறந்து, 1891-இல் அங்குக் குடியேறிய ரிச்சர்டு லீபர் என்பவர், விழாவின் நினைவாகப் பழங்காடுகளை வாங்கி மக்களுக்கு வைத்துச் செல்வோம் என்றார். டர்க்கி ரன் என்னும் இடத்தில் வானளாவிய மரங்களும் குளிர்ந்த பாறைப்பிளவுகளும் இருந்தன. அந்நிலம் ஏலத்துக்கு வந்தபோது, மரத்தொழில் நிறுவனம் ஒன்று பூங்காக் குழுவினரை விஞ்சிக் கேட்டு எடுத்துக்கொண்டது. லீபரும் நண்பர்களும் சோரவில்லை. நன்கொடை திரட்டி, சில மாதங்களில் கூடுதல் விலை கொடுத்து அதனை மீட்டனர். அதே ஆண்டில் மெக்கார்மிக்ஸ் கிரீக் என்னும் இடமும் பூங்காவாயிற்று. நுழைவுக் கட்டணமாக ஆளுக்குப் பத்து சென்ட் வாங்கலாம் என்பது லீபரின் கருத்து. நயாகராவில் வாங்கிய காசு ஒருவரின் பைக்குப் போயிற்று. இந்தச் சிறு காசோ பூங்காவின் பராமரிப்புக்கே திரும்பியது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நேயர்கள் உணர்வர்.

வாயில் திறந்தது, மக்கள் வந்தனர். வந்தவர்கள் என்ன செய்வது? உண்டனர், நீந்தினர், உறங்கினர். எதிரே நின்ற மரத்தின் பெயர் பலருக்குத் தெரியவில்லை. பெயர் தெரியாத ஒன்றின்மேல் அன்பு பிறப்பது அரிது. அன்பில்லாத இடத்தில் காவலும் நில்லாது. இதனை உணர்ந்தவர்களே வழிகாட்டி என்னும் பணியைத் தோற்றுவித்தனர்.

1919-ஆம் ஆண்டுக் கோடையில், கலிபோர்னியாவின் டாஹோ ஏரிப்பக்கத்து விடுதிகளில் லோய் மில்லர் என்னும் பேராசிரியர் விருந்தினரைக் காட்டுக்குள் அழைத்துச் சென்றார்; இரவில் பறவைகளைப் பற்றிப் பேசினார். தேசியப் பூங்காக்களின் தலைவராயிருந்த ஸ்டீபன் மாதர் தற்செயலாக அங்கு வந்து, மண்டபம் நிரம்பி வழிவதைக் கண்டார். மறு ஆண்டே மில்லரையும் ஹெரால்டு பிரையண்டு என்பவரையும் யோசெமிட்டிக்கு அழைத்துக்கொண்டார். 1923-இல் இந்தியானாவின் மெக்கார்மிக்ஸ் கிரீக் பூங்காவில் லூசி பிட்ஷ்லர் என்னும் பெண்மணி இயற்கை வழிகாட்டியாகப் பணி தொடங்கினார். இந்தியானா மாநிலப் பூங்காக்களின் கோடை நிகழ்ச்சிகள் அவர் காலடி வைத்த நாளிலிருந்தே கணக்கிடப்படுகின்றன.

நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள கரடிமலையின் கதையும் சுவையானது. 1908-இல் அங்கே சிறைச்சாலை ஒன்று கட்டத் திட்டமிட்டு, கைதிகளைக் கொண்டு மரங்களை வெட்டத் தொடங்கினர். மேரி ஹாரிமன் அம்மையார், சிறையைக் கைவிட்டால் பத்தாயிரம் ஏக்கர் நிலமும் பத்து லட்சம் டாலரும் தருவதாக அறிவித்தார். சிறை நின்றது, 1913-இல் பூங்கா திறந்தது. நகரத்தின் நெருக்கமான தெருக்களில் வளர்ந்த பிள்ளைகள் கோடை முகாம்களுக்கு அங்கே வந்தனர். 1927-இல் நடைபாதை ஓரத்திலேயே ஓர் இயற்கைப் பொருட்காட்சிச்சாலை எழுந்தது. கைதிகளை அடைக்க நினைத்த இடம் குழந்தைகள் ஓடியாடும் இடமாயிற்று.

இதனோடு முடித்தால் என் பேச்சு இனிமையாக முடியும். ஆனால் உண்மை அங்கே நிற்கவில்லை. டாஹோ ஏரிப்பக்கத்துக்கு வழிகாட்டிகளை வரவழைக்கப் பொருளும் உழைப்பும் அளித்தவர் சார்லஸ் கெய்ட்டி என்னும் செல்வர். காட்டின் கதவைத் திறந்த அதே மனிதர், சில இனத்தார் தாழ்ந்தவர் என்று கூறும் கொள்கையைப் பரப்பவும் தம் செல்வத்தைச் செலவிட்டார். மரங்களிடம் காட்டிய பரிவை அவர் மனிதரிடம் காட்டவில்லை. இதை முதன்முதலில் படித்தபோது நான் சற்றுநேரம் புத்தகத்தை மூடி வைத்தேன்.

அவர் ஒருவரின் குறை என்று ஒதுக்கவும் முடியவில்லை. 1933 முதல் 1942 வரை, பொருளாதார வீழ்ச்சியால் வேலையிழந்த இளைஞர் ஏறத்தாழ முப்பது லட்சம் பேரை அமெரிக்க அரசு வனப்பாதுகாப்புப் படையில் சேர்த்தது. மாநிலப் பூங்காக்களின் பாதைகளும் குடில்களும் பெரும்பாலும் அவர்கள் கைவண்ணமே. வர்ஜீனியா மாநிலம் 1936 ஜூன் 15 அன்று, ஒரே நாளில் ஆறு பூங்காக்களைத் திறந்தது. அவற்றுள் ஒன்று சீஷோர் பூங்கா. சதுப்பில் கால் ஊன்றிய சைப்ரஸ் மரங்களும், அவற்றிலிருந்து நரைத்த தாடிபோல் தொங்கும் பாசியும் அங்கே காண்போரை மயக்கும். அச்சதுப்பில் இறங்கி உழைத்தவர்களில் மிகப்பலர் கறுப்பின இளைஞர்கள். பூங்கா திறந்த நாளில் அவர்கள் இனத்தார்க்கு உள்ளே நுழைய அனுமதி இல்லை. பாதை போட்டவனுக்குப் பாதையில் நடக்க உரிமையில்லை!

1948-இல் மேசியோ கான்ராட் மார்ட்டின் என்னும் வங்கியாளர் அதே மாநிலத்தின் மற்றொரு பூங்காவுக்குச் சென்றார். கறுப்பர் என்ற காரணத்தால் அவருக்கு வாயில் மறுக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். மாநில அரசு வாயிலைத் திறக்கவில்லை. 1950-இல் கறுப்பர்க்கென்று வேறொரு பூங்கா அமைத்தது. பின்னர் சீஷோர் பூங்கா குறித்தும் வழக்கு எழுந்தது. பூங்காவைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டாலும் இன வேறுபாடு காட்டலாகாது என்று 1955-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு செய்தது என்ன தெரியுமா? எல்லோரையும் உள்ளே விடுவதைவிட ஒருவரையும் விடாமலிருப்பதே மேல் என்று பூங்காவையே மூடிவிட்டது! சைப்ரஸ் மரங்கள் மனிதரின்றி நின்றன. 1961-இல்தான், எல்லோருக்கும் பொதுவாக, அவ்வாயில் மீண்டும் திறந்தது.

சில காலம் முன்பு என் நண்பர் ஒருவர், "மரத்தின் பெயரைச் சொல்லிக்கொடுப்பதில் என்ன பெரிய வரலாறு இருக்கிறது?" என்று என்னிடம் கேட்டார். அப்போது தக்க விடை தோன்றவில்லை. இப்போது சொல்வேன். வழிகாட்டி ஒருவர் இலையைக் கையில் எடுத்து, "இது இன்ன மரம்" என்று ஒரு குழந்தைக்குக் காட்டும்போது, "இது உன்னுடையது" என்றும் சொல்லாமற் சொல்கிறார். நயாகராவில் வேலி இருந்த நாளில் அச்சொல் பொய்யாக இருந்தது. சீஷோரில் காவலன் மறித்த நாளிலும் அது பொய்யாகவே இருந்தது. அறிவுள்ள வழிகாட்டியாலும் அழகுமிக்க காட்டாலும் அப்பொய்யை மெய்யாக்க முடியவில்லை. வேலியை விலைகொடுத்து அகற்றியவர்களும், வழக்காடி வாயிலைத் திறக்கச் செய்தவர்களுமே அதனை மெய்யாக்கினர்.

சீஷோர் பூங்கா 1997 முதல் வேறு பெயரால் வழங்குகிறது. ஆங்கிலக் குடியேறிகள் 1607-இல் முதலில் கரையிறங்கிய இடம் என்பதால், "முதல் கரையேற்றம்" என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டுள்ளனர். பெயர் பொருத்தமானதே. ஆயினும் அச்சதுப்பில் இறங்கிப் பாதை அமைத்த இளைஞர்களுக்கும், அவர்கள் மக்களுக்கும், அங்குக் கரையேற 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.