கே.எஸ்.ஆர். என்ற மூன்று எழுத்துக்குள்

சென்னையிலோ கோவையிலோ ரயில் ஏறிப் பெங்களூரு போகிறவர்களுக்குப் பயணச்சீட்டில் ‘கே.எஸ்.ஆர். பெங்களூரு’ என்று இருக்கும். வாய்ப்பேச்சில் அந்த வட்டாரமே ‘மெஜஸ்டிக்’. அங்கு முன்பிருந்த திரையரங்கின் பெயர் அது. நிலையத்துக்கு அரசு சூட்டிய முழுப்பெயர் ‘கிராந்திவீர சங்கொள்ளி ராயண்ணா’.

‘கிராந்தி’ வடசொல். அடியெடுத்து வைத்தல், கடத்தல் என்று பொருள்படும் ‘கிரம்’ என்ற வேரில் பிறந்தது. கதிரவன் ஒரு ராசியைக் கடந்து மறு ராசிக்குள் புகுவதைச் சொல்லும் ‘சங்கராந்தி’யிலும் அதே வேர்தான். வானியலில் வழங்கிய அச்சொல் கன்னடம், இந்தி முதலிய மொழிகளில் அரசியல் கொந்தளிப்புக்கு ஆகிவந்தது. தமிழோ தன் ‘புரள்’, ‘புரட்டு’ என்பவற்றிலிருந்து ‘புரட்சி’யை ஆக்கிக்கொண்டது. ‘கிராந்திவீர’ என்பது பிற்காலத்தார் தந்த பட்டம்.

சங்கொள்ளி, பெளகாவி மாவட்டம் பைலஹொங்கல் வட்டத்திலுள்ள சிற்றூர். ஊர்ப்பெயரை முன்னால் வைத்து ஆளை அழைப்பது வடகர்நாடக வழக்கம். ‘ராய’ என்பது ‘ராஜ’ பிராகிருதத்தில் மருவிய வடிவம். நாம் ‘ராயர்’ என்கிறோம். ‘அண்ண’ நம் அண்ணனேதான். பசவண்ணருக்குச் சேர்ந்த அதே மரியாதை விகுதி.

கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்த மற்ற வீரர்களின் பெயர்களோடு இந்தப் பெயரை ஒப்பிட வேண்டும். கட்டபொம்மன் என்பது ‘கெட்டிபொம்மு’ என்ற தெலுங்கு முன்னோர் பெயர்வழி வந்த பரம்பரைப் பெயர். பாஞ்சாலங்குறிச்சிப் பாளையத்தின் உரிமை அதில் ஒட்டியிருக்கிறது. பெங்களூரை அடுத்த தேவனஹள்ளியில் பிறந்த திப்புவுக்கு, ஆற்காட்டில் அடங்கிய திப்பு மஸ்தான் அவுலியா என்ற இறைநேசரின் பெயரைச் சூட்டினார்கள். ‘திப்பு’ என்றால் கன்னடத்தில் புலி என்பார் சிலர்; அது பிழை. தமிழில் சொல்லின் முதலில் வரும் பகரம் கன்னடத்தில் பெரும்பாலும் ஹகரமாகும்: பால் அங்கே ‘ஹாலு’, புலி ‘ஹுலி’.

திப்புவுக்கு அரியணை இருந்தது. கட்டபொம்மனுக்குப் பாளையம் இருந்தது. ராயண்ணா குறுபர் குலத்தில் பிறந்து கித்தூர் அரசில் ஊழியம் பார்த்தவர். 1824இல் ராணி சென்னம்மா கம்பெனிப் படையோடு மோதியபோது உடன் நின்றார். கித்தூர் விழுந்து ராணி சிறைப்பட்ட பின்பும் அவர் ஓயவில்லை. ஊழியத்துக்காக விடப்பட்ட மானிய நிலங்களைக் கம்பெனி பறித்ததும், மிஞ்சியவற்றின் மேல் வரியை ஏற்றியதும் குடியானவர்களை அவர் பக்கம் சேர்த்தன. அரசு அலுவலகங்களுக்குத் தீ வைத்தார், கருவூலங்களைச் சூறையாடினார். ராணியின் தத்துப்பிள்ளை சிவலிங்கப்பாவை அரியணை ஏற்றுவதே நோக்கம். தனக்கென்று எதுவும் கேட்கவில்லை.

முடிவு மட்டும் கட்டபொம்மனுக்கும் ராயண்ணாவுக்கும் ஒன்று. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் புளியமரத்தில் தூக்கிலிடப்பட்டார். ராயண்ணா 1831 ஜனவரி 26 அன்று நந்தகட்டில் ஆலமரத்தில்.

அரியணையோ பாளையமோ இல்லாத ஓர் ஊர்க்காரர், நிலம் இழந்தவர்களைத் திரட்டி ஒரு பேரரசை எதிர்த்தார் என்பதே அந்தப் பெயரின் பெருமை. சுருக்கப் பெயர் அதை மறைக்கிறது. அடுத்த முறை பெங்களூரில் இறங்கும்போது, உடன் வரும் பிள்ளைகளுக்கு முழுப்பெயரையும் சொல்லுங்கள், அவர் யார் என்பதையும் சொல்லுங்கள்.