எலுமிச்சைக் குலத்தின் தாய் தந்தையர்
எலுமிச்சை, ஆரஞ்சு, பம்பளிமாஸ் அடங்கிய சிட்ரஸ் பேரினத்தில் அமெரிக்கரான சுவிங்கிள் 1943-இல் 16 இனங்களைக் கண்டார். ஜப்பானியரான தனாகா 160-க்கு மேல் வகுத்தார். எளிதில் கலக்கும் இம்மரங்களில் இலையும் கனியும் நம்பத்தக்க சாட்சிகள் அல்ல. பயிராகும் வகைகளுக்கு சிட்ரான், பம்பளிமாஸ், கமலா ஆரஞ்சு ஆகிய மூன்றே மூலம் என்ற கருத்து 1970-களில் எழுந்தது. பின்னர் வந்த டி.என்.ஏ. குறிப்பான்கள் அதைப் பெருமளவு உறுதிசெய்தன. பசுங்கணிக டி.என்.ஏ. தாய்வழியே வருவதால் தாய்மரமும் தெரிந்தது: தமிழர் ஊறுகாய் போடும் சிறு எலுமிச்சைக்குத் தந்தை சிட்ரான், தாயோ அம்மூன்றிலும் சேராத, பிலிப்பைன்ஸின் மைக்ராந்தா என்ற காட்டினம். சாத்துக்குடி முதலான இனிப்பு ஆரஞ்சுகளின் கதை இன்னும் வியப்பானது. சுவையிலும் நிறத்திலும் வேறுபட்டாலும் குறிப்பான்களில் அவை ஏறக்குறைய ஒன்றே. ஒரே கலப்பு மரத்தின் வழிவந்து, சடுதிமாற்றங்களால் பிரிந்தவை. 2018-இல் 60 மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு, இக்குலத்தின் பிறப்பிடம் இமயத்தின் தென்கிழக்கு அடிவாரம் என்று காட்டியது.