மிட்வே போர் (1942)

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் பெருங்கடலில் ஜப்பானின் முன்னேற்றத்தை முறித்த கடற்போர். 1942 ஜூன் 4 முதல் 7 வரை, ஹவாய்க்கு வடமேற்கே ஏறத்தாழ 2,100 கி.மீ. தொலைவிலுள்ள மிட்வே பவளத்தீவை ஒட்டி நடந்தது. மணல் திட்டுகளும் ஒரு விமான ஓடுதளமும் கொண்ட அந்தச் சிறு இடத்துக்காக ஜப்பானியக் கடற்படையின் பெரும்பகுதி திரண்டு வந்தது. ஆனால் இரு தரப்பின் விமானந்தாங்கிக் கப்பல்களும் ஒன்றையொன்று கண்ணால்கூடப் பார்க்கவில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நின்று விமானங்களை அனுப்பியே மோதிக்கொண்டன.

இந்தப் போரின் கதையை இலங்கைக் கடலிலிருந்து தொடங்குவதே பொருத்தம். மிட்வேயில் மூழ்கிய நான்கு ஜப்பானிய விமானந்தாங்கிகளில் அகாகி, சோர்யூ, ஹிர்யூ என்ற மூன்றும் இரண்டு மாதங்களுக்கு முன்புதான் இங்கே வந்து போயிருந்தன. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று தளபதி நகுமோவின் படை கொழும்பைத் தாக்கியது. 9ஆம் தேதி திருகோணமலையைத் தாக்கி, மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் ஹெர்மிஸ் விமானந்தாங்கியையும் மூழ்கடித்தது. அதே நாள் கொழும்பிலிருந்து கிளம்பிய 9 பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் முன்னறிவிப்பின்றி அகாகியின் தலைக்கு மேலேயே வந்துவிட்டன. குண்டுகள் கப்பலைச் சுற்றிக் கடலில் விழுந்தன, ஒன்றும் படவில்லை. வெற்றிக் களிப்பில் இருந்த ஜப்பானியத் தலைமை இந்த எச்சரிக்கையைப் பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கான விலையை ஜூன் 4ஆம் தேதி கொடுத்தது.

ஏப்ரல் 18 அன்று அமெரிக்காவின் 16 குண்டுவீச்சு விமானங்கள், ஹார்னெட் கப்பலிலிருந்து எழும்பி டோக்கியோவையும் வேறு சில நகரங்களையும் தாக்கின. சேதம் சொற்பம், அவமானம் பெரிது. மிட்வேயைப் பிடித்து, காக்க வரும் அமெரிக்க விமானந்தாங்கிகளைப் பொறியில் சிக்கவைத்து அழிப்பது என்ற அட்மிரல் யாமமோட்டோவின் திட்டத்துக்கு இருந்த எதிர்ப்பு இதன்பின் அடங்கிப்போனது. ஆனால் அவர் தன் படையை அலூஷியன் தீவுகள் வரை துண்டு துண்டாகச் சிதறவிட்டார். மே மாதம் பவளக்கடலில் நடந்த சண்டையில் ஜப்பானிய விமானந்தாங்கி ஷோகாகு சேதமடைந்ததாலும், சுய்காகு தன் விமானங்களில் பலவற்றை இழந்ததாலும் அந்த இரண்டு கப்பல்களும் மிட்வேக்கு வரவில்லை. அமெரிக்கர்களின் யார்க்டவுனும் அதே சண்டையில் அடிபட்டிருந்தது. அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். பேர்ல் துறைமுகத்தில் 1,400க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இரவு பகலாக உழைத்து, மூன்றே நாளில் கப்பலை மீண்டும் கடலுக்கு அனுப்பினார்கள். வெற்றியில் அவர்களுக்கும் பங்குண்டு என்று தயங்காமல் சொல்லலாம்.

பேர்ல் துறைமுகத்தில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் ஜோசப் ரோஷ்ஃபோர்ட் தலைமையில் ஒரு குழு ஜப்பானியச் சங்கேதச் செய்திகளைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தது. அடுத்த தாக்குதலின் இலக்கு ‘ஏஎஃப்’ என்பது தெரிந்தது. ஏஎஃப் எந்த ஊர் என்பதுதான் தெரியவில்லை. ‘கடல்நீரைக் குடிநீராக்கும் எந்திரம் பழுது, தண்ணீருக்குத் தட்டுப்பாடு’ என்று ஒரு பொய்ச் செய்தியை எல்லோருக்கும் கேட்கும்படி வானொலியில் அனுப்பச் சொல்லி, மிட்வேக்குக் கடலடிக் கம்பி வழியாக ரகசிய உத்தரவு போனது. சில நாட்களுக்குள் ஜப்பானியச் செய்தி ஒன்று பிடிபட்டது: ஏஎஃப்பில் தண்ணீர் இல்லை. இலக்கு மிட்வேதான் என்பது உறுதியாயிற்று. அமெரிக்கத் தளபதி நிமிட்ஸ் தன்னிடமிருந்த மூன்று விமானந்தாங்கிகளையும் முன்கூட்டியே அங்கே காத்திருக்கச் செய்தார்.

ஜூன் 4 அதிகாலை 108 ஜப்பானிய விமானங்கள் மிட்வேயைத் தாக்கின. தீவு அடங்கவில்லை, இன்னொரு தாக்குதல் வேண்டும் என்று தகவல் வந்தது. கப்பல்களைத் தாக்கத் தயாராக வைத்திருந்த விமானங்களில் டார்பிடோக்களைக் கழற்றிவிட்டுத் தரைக்குண்டுகளை மாட்டும்படி நகுமோ உத்தரவிட்டார். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, அமெரிக்கக் கப்பல்கள் தெரிகின்றன என்று வேவு விமானம் அறிவித்தது. மாட்டியதைக் கழற்றி மறுபடியும் டார்பிடோவை மாட்ட வேண்டியதாயிற்று. கழற்றிய குண்டுகளைக் கிடங்குக்கு அனுப்ப நேரமில்லாததால், எரிபொருள் நிரப்பிய விமானங்களுக்கு இடையிலேயே போட்டுவைத்தார்கள்.

முதலில் வந்தவை அமெரிக்க டார்பிடோ விமானங்கள். மெதுவாக, தாழப் பறந்து, போதிய காவல் விமானங்களும் இல்லாமல் வந்த அவற்றை ஜப்பானியரின் சீரோ விமானங்கள் ஒவ்வொன்றாகச் சுட்டு வீழ்த்தின. ஹார்னெட்டிலிருந்து வந்த 15 விமானங்களும் கடலில் விழுந்தன. 30 பேரில் ஒருவரே பிழைத்தார். ஒரு டார்பிடோகூட இலக்கில் படவில்லை. ஆனால் அவர்களைத் துரத்தி ஜப்பானியப் பாதுகாப்பு முழுவதும் கீழே இறங்கியிருந்தது.

அந்நேரம் மேலே, எரிபொருள் குறைந்துகொண்டே போக, எண்டர்பிரைஸ் கப்பலின் வேட் மெக்ளஸ்கி தன் அணியோடு வெறுங்கடலில் தேடிக்கொண்டிருந்தார். தனியே விரைந்துகொண்டிருந்த ஒரு நாசகாரிக் கப்பல் கண்ணில் பட்டது. அது நீர்மூழ்கி ஒன்றை விரட்டிவிட்டுத் தன் படைக்குத் திரும்பிக்கொண்டிருந்த அராஷி. அது போன திசையைப் பிடித்துப் போனார். காலை 10.20 மணியளவில் அவருடைய அணியும், வேறு வழியாக வந்து சேர்ந்த யார்க்டவுன் அணியும் தலைகுத்தாகப் பாய்ந்தன. சில நிமிடங்களில் காகா, சோர்யூ, அகாகி மூன்றும் பற்றி எரிந்தன. அகாகி மீது நேராக விழுந்தது ஒரே ஒரு குண்டு. தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே வெடித்தபோது, அங்கே கிடந்த குண்டுகளும் எரிபொருளும் மற்றதைச் செய்துமுடித்தன.

எஞ்சிய ஹிர்யூ யார்க்டவுனைத் திருப்பியடித்தது. இரண்டாவது அலைக்குத் தலைமையேற்ற டோமோனாகாவின் விமானத்தில் ஒரு பக்க எரிபொருள் தொட்டி காலையிலேயே ஓட்டையாகியிருந்தது. திரும்பி வர முடியாது என்று தெரிந்தே போனார், திரும்பவில்லை. மாலையில் ஹிர்யூவும் தீக்கிரையானது. செயலிழந்து நின்ற யார்க்டவுனை ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று தாக்க, அது 7ஆம் தேதி மூழ்கியது. ஜப்பானியர் தரப்பில் இறந்தவர்கள் சுமார் 3,000 பேர். அமெரிக்கர் தரப்பில் சுமார் 300 பேர். பிடிபட்ட அமெரிக்க விமான வீரர்கள் மூவரை ஜப்பானியர் கொன்றதும் இந்தப் போரின் கணக்கில் சேர வேண்டியது.

ஜப்பான் இங்கே தன் தேர்ந்த விமானிகளை எல்லாம் இழந்துவிட்டது என்று பல நூல்கள் எழுதுகின்றன. அது மிகை. இறந்த விமான வீரர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். அதைவிடப் பலமடங்கு பேர் அடுத்து வந்த குவாடல்கனால், சாலமன் தீவுச் சண்டைகளில் மடிந்தார்கள். மிட்வேயில் போனது நான்கு கப்பல்களும், கீழ்த்தளத்தில் கருகிப்போன நூற்றுக்கணக்கான அனுபவமிக்க மெக்கானிக்குகளும். கப்பலையும் ஆளையும் ஈடுகட்ட அமெரிக்கத் தொழிற்சாலைகளால் முடிந்தது, ஜப்பானால் முடியவில்லை.

‘இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் எங்கள் விமானங்கள் கிளம்பியிருக்கும்’ என்ற கதையைப் பரப்பியவர் மிட்சுவோ ஃபுச்சிடா. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கும் கொழும்புத் தாக்குதலுக்கும் வானில் தலைமை தாங்கியவர் அவர். மிட்வேக்கு வரும் வழியில் குடல்வால் அறுவை செய்துகொண்டதால் அகாகியிலேயே தங்கியிருந்தார். அந்த நேரத்தில் விமானங்கள் இன்னும் கீழ்த்தளத்திலேயே இருந்தன என்பதைக் கப்பல்களின் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் பின்னர் நிறுவினார்கள். அவர் சொன்ன இன்னொரு செய்தியும் உண்டு. டோக்கியோ வானொலி வெற்றிச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தபோது, கால் முறிந்திருந்த அவரை இரவில் மூடிய ஸ்ட்ரெச்சரில் வைத்து, யோகோசுகா கடற்படை மருத்துவமனையின் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுபோனார்கள். மிட்வேயில் காயம்பட்டவர்கள் இருந்த பகுதிக்கு வெளியார் யாரும் வரக்கூடாது. உள்ளே இருப்பவர்கள் வீட்டுக்குக் கடிதம் போடவும் கூடாது.