வீடியோ விளையாட்டுகளும் துப்பாக்கிக் கட்டுப்பாடும்: அமெரிக்க அரசியல் விவாதம்

அமெரிக்காவில் நடக்கும் கூட்டக் கொலைகளுக்கு வன்முறை மிகுந்த வீடியோ விளையாட்டுகள் காரணமா, எளிதில் கிடைக்கும் துப்பாக்கிகள் காரணமா என்ற விவாதம் 1990களிலிருந்து தொடர்கிறது. இரண்டுக்கும் அரசியல் சாசனத்தின் காப்பு உண்டு. விளையாட்டுகளை முதல் திருத்தம் தரும் பேச்சுரிமையும், துப்பாக்கிகளை இரண்டாம் திருத்தம் தரும் ஆயுத உரிமையும் காக்கின்றன.

தொடக்கம்

ஆட்களைப் போன்ற உருவங்களைக் காரால் மோதும் ‘டெத் ரேஸ்’ (1976) பொதுமக்களின் எதிர்ப்பைச் சந்தித்த முதல் விளையாட்டுகளில் ஒன்று. ‘மார்ட்டல் காம்பேட்’ புகழ்பெற்ற பின், ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் ஜோ லீபர்மனும் ஹெர்ப் கோலும் 1993 டிசம்பரில் விசாரணை நடத்தினர். அரசு தலையிடுவதற்கு முன்பே, விளையாட்டுகளை வயதுவாரியாகத் தரம் பிரிக்கும் வாரியத்தை 1994இல் தொழில்துறையே அமைத்துக்கொண்டது. குழந்தை வளர்ப்பு பற்றிய கவலையாகவே அன்று இது பேசப்பட்டது. துப்பாக்கிச் சட்டங்களோடு சேர்த்துப் பார்க்கப்படவில்லை.

கொலம்பைன்

1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் இரு மாணவர்கள் சுட்டதில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தனர். கொலையாளிகள் ‘டூம்’ விளையாட்டில் மூழ்கியவர்கள் என்ற செய்தி ஒருபுறமும், அவர்களின் துப்பாக்கிகளில் மூன்று, பின்புலச் சோதனையின்றித் துப்பாக்கிக் கண்காட்சியில் வாங்கப்பட்டவை என்ற செய்தி மறுபுறமும் எழுந்தன. கண்காட்சி விற்பனைக்கும் சோதனையைக் கட்டாயமாக்கும் திருத்தம் துணை அதிபர் அல் கோரின் வாக்கால் 51-50 என செனட்டில் தேறியது, ஆனால் சட்டமாகவில்லை. வன்முறைப் பொழுதுபோக்குகள் சிறுவர்களுக்கு விளம்பரப்படுத்தப்படும் விதத்தை ஆராயுமாறு கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தை அதிபர் பில் கிளிண்டன் கேட்டுக்கொண்டார். விளையாட்டு நிறுவனங்கள்மீது தொடுக்கப்பட்ட வழக்கு 2002இல் தள்ளுபடியானது.

நீதிமன்றத் தீர்ப்பு

வன்முறை விளையாட்டுகளைச் சிறார்களுக்கு விற்றால் 1,000 டாலர் வரை அபராதம் விதிக்கும் கலிஃபோர்னியச் சட்டத்தில் 2005இல் ஆளுநர் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர் கையெழுத்திட்டார். 2011 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற வாக்கில் அதைச் செல்லாததாக்கியது. புத்தகங்களைப் போலவே விளையாட்டுகளும் கருத்து வெளிப்பாடே என்றும், கிரிம் சகோதரர்களின் சிறுவர் கதைகளிலும் கொடூரம் உண்டு என்றும் நீதிபதி அன்டோனின் ஸ்கலியா எழுதினார். சட்டம் இயற்றி விற்பனையைத் தடுக்கும் வழி இதோடு ஏறக்குறைய அடைபட்டது. ஆயினும் அரசியல் மேடைகளில் குற்றச்சாட்டு ஓயவில்லை.

கட்சி மாறிய வாதம்

தொடக்கத்தில் விளையாட்டுகளைக் குறைகூறுவதில் முன்னின்ற பலர் ஜனநாயகக் கட்சியினர். துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு எதிரான மறுமொழியாக அது மாறியது 2012இலிருந்தே தெளிவாகப் புலப்பட்டது. அவ்வாண்டு சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், துப்பாக்கி உரிமைக்காக வாதிடும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் வேய்ன் லாபியர் விளையாட்டுகளின் பெயர்களைச் சொல்லியே சாடினார். பார்க்லண்ட் பள்ளிக் கொலைகளுக்குப் பின் 2018 மார்ச்சில் அதிபர் டொனால்ட் டிரம்ப் விளையாட்டு நிறுவனத் தலைவர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். எல் பாசோ, டேட்டன் கொலைகளுக்குப் பின் 2019 ஆகஸ்டிலும் அவர் விளையாட்டுகளைச் சாடினார். அதே மாதம் வால்மார்ட் தன் கடைகளிலிருந்து வன்முறை விளையாட்டுகளின் விளம்பரங்களை அகற்றியது. துப்பாக்கி விற்பனையை நிறுத்தவில்லை.

ஆய்வுகள்

வன்முறை விளையாட்டுகள் மூர்க்க உணர்வைத் தூண்டுவதாக உளவியலாளர் கிரெய்க் ஆண்டர்சன் வாதிட்டார்; கிறிஸ்டோஃபர் ஃபெர்குசன் அதை மறுத்தார். கத்துதல், தள்ளுதல் போன்ற மூர்க்கச் செயல்களோடு சிறு தொடர்பு உண்டு, ஆனால் கொடிய வன்முறைக்கு விளையாட்டுகளைக் காரணமாக்கப் போதிய சான்றில்லை என அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் அறிவித்தது. விளையாட்டுகள் பெரிதும் பரவியுள்ள ஜப்பானிலும் தென்கொரியாவிலும் துப்பாக்கிக் கொலைகள் மிக அரிது என்பதையும் கட்டுப்பாட்டை ஆதரிப்போர் எடுத்துக்காட்டுவர்.

துப்பாக்கி பற்றிய ஆய்வோ நிதியின்றி நலிந்தது. நோய்க் கட்டுப்பாட்டு மையங்களின் பணத்தைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவு திரட்டச் செலவிடக் கூடாது என்ற 1996ஆம் ஆண்டின் டிக்கி திருத்தம் ஆய்வாளர்களை ஒதுங்கச் செய்தது. 2020 நிதியாண்டுக்குத்தான் இவ்வாய்வுக்கென 2.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. 2021இல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். விளையாட்டுகளைச் சுற்றிய விவாதம் இவர்களைத் தொடுவதேயில்லை.

அண்மைக் காலம்

டெக்சஸின் யுவால்டியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 2022 ஜூனில் இரு கட்சி ஆதரவோடு ஒரு துப்பாக்கிச் சட்டம் நிறைவேறியது. 21 வயதுக்குட்பட்டோர் துப்பாக்கி வாங்கும்போது நடக்கும் சோதனையை அது கடுமையாக்கியது. 2024இல் அக்குழந்தைகளின் குடும்பத்தினர் துப்பாக்கி உற்பத்தியாளர்மீதும், ‘கால் ஆஃப் டூட்டி’யை வெளியிடும் ஆக்டிவிஷன்மீதும், மெட்டாமீதும் தனித்தனி வழக்குகள் தொடுத்தனர். உண்மையான துப்பாக்கி வகைகளை இளைஞர்களிடம் விற்கும் விளம்பரமாக அந்த விளையாட்டு செயல்பட்டது என்பது ஆக்டிவிஷன்மீதான முக்கியக் குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்தது. துப்பாக்கியா, விளையாட்டா என்று எதிரெதிரே நிறுத்தப்பட்ட இரு தொழில்களும் இவ்வழக்குகளில் பிரதிவாதிகளாயின.