ஆத்தூர்ச் சமவெளியில் கரப்பானும் தானியமும்

கல்வராயன் மலைக்கும் பச்சைமலைக்கும் இடையே வசிஷ்ட நதிக்கரையில் அமைந்த ஆத்தூர்ப் பகுதியில், ஆற்றுப் பாசனம் எட்டிய நஞ்சையில் நெல்லும், மழையை நம்பிய புஞ்சையில் சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவையும், மலைச்சரிவுகளில் சாமையும் தினையும் விளைந்தன. ஊரின் பெயரையே தாங்கிய ஆத்தூர் கிச்சிலிச் சம்பா இன்றும் அறியப்படும் நெல்வகையாகும். இந்த விளைச்சலில் கோதுமைக்கு இடமில்லை. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருப்பதும், பிசைந்த மாவுக்கு இழுவையைத் தருவதுமான குளூட்டன் என்னும் புரதம், ஆகவே, இப்பகுதி மக்களின் அன்றாட உணவில் பல தலைமுறைகளுக்கு ஏறக்குறைய இல்லாமலே இருந்தது.

ஆயினும் தோல்நோய்க்கும் உணவுக்கும் உள்ள உறவு இங்கு நன்கு அறியப்பட்டதே. அரிப்பும் நீர்க்கசிவும் கொண்ட தோல்நோய்களைக் கரப்பான் என்று வகுத்த சித்த மருத்துவம், அதைத் தூண்டும் பண்டங்களாகச் சோளம், கம்பு, வரகு, வாழைக்காய், பாகற்காய், கெளிற்று மீன் முதலியவற்றைக் கூறி, மருந்து உண்ணும் காலத்தில் அவற்றை விலக்கும் பத்தியத்தை விதித்தது. குளூட்டன் இல்லாதவை என்று இன்று பரிந்துரைக்கப்படும் சிறுதானியங்களில் சில, அந்தப் பழைய விலக்குப் பட்டியலில் இருப்பது கவனத்திற்குரியது. இதைக் கொண்டு ஒரு மரபு மற்றொன்றைப் பொய்யாக்குகிறது என்று கொள்வது தவறு. அதைவிடப் பெரிய தவறு, கரப்பான் பத்தியத்தையும் குளூட்டன் விலக்கையும் ஒன்றாகக் கருதி, அரிப்பு கண்ட எவரையும் கோதுமையைக் கைவிடச் சொல்வது.

குளூட்டனோடு தொடர்பு ஐயமற நிறுவப்பட்ட தோல்நோய் டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் ஆகும். முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் கடும் அரிப்புடன் சிறு கொப்புளங்கள் கூட்டமாக எழும் இந்நோயை 1884இல் அமெரிக்க மருத்துவர் லூயி டூரிங் விவரித்தார். குளூட்டனால் சிறுகுடலின் உட்சுவர் சிதையும் சீலியாக் நோய்க்குக் கோதுமையே காரணம் என்பதை நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1950ஆம் ஆண்டின் ஆய்வேட்டில் காட்டினார்; அந்தத் தோல்நோய் கண்டவர்களின் குடலிலும் அதே சிதைவு இருப்பது 1966இல் வெளிப்பட்டது.

இதற்கிடையில் தமிழகத்தின் உணவும் மாறியது. 1956இல் அமெரிக்காவுடன் செய்துகொண்ட பி.எல். 480 ஒப்பந்தத்தின்படி வந்த கோதுமையும், பின்னர்ப் பசுமைப் புரட்சியின் விளைச்சலும் நியாயவிலைக் கடைகளை அடைய, ரவையும் மைதாவும் சிற்றூர்களிலும் புழக்கத்திற்கு வந்தன. எனினும், 2016இல் வெளியான ஒரு பெரும் ஆய்வு, ஹரியானாப் பகுதியில் ஆயிரம் பேரில் எட்டுக்கும் மேற்பட்டோருக்கு இருந்த சீலியாக் நோய் வேலூர்ப் பகுதியில் மிக அரிதாகவே இருப்பதையும், நாளொன்றுக்கு உண்ணும் கோதுமை முறையே 455 கிராமும் 25 கிராமும் என்பதையும் பதிவு செய்தது. நோய்க்கு இடமளிக்கும் மரபணுக் கூறுகள் இரு பகுதியினரிடமும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இருந்தன என்பதால், வேறுபாட்டின் பெரும்பங்கைத் தட்டில் விழும் தானியத்திலேயே தேட வேண்டியுள்ளது.

ஆத்தூர் வட்டாரம் இவ்வரலாற்றில் தனியிடம் பெறுவது ஜவ்வரிசியால். இரண்டாம் உலகப் போரில் இறக்குமதி தடைப்பட்டபோது, 1943 அளவில் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதைச் செய்யும் தொழிலைத் தொடங்கினர். தோல் நீக்கிய கிழங்கை அரைத்து, திப்பியை வடித்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிந்த ஈரமாவை உதிர்த்துக் குலுக்கி மணிகளாக்கி, வறுத்து வெயிலில் உலர்த்தும் ஆலைகள் ஆத்தூர், தலைவாசல், இராசிபுரம் எங்கும் பெருகின. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு தோன்றியது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குளூட்டன் அறவே இல்லாத உணவு இது. ஆனால் ஏறக்குறைய முழுவதும் மாவுச்சத்தே ஆதலால், குடல் சிதைந்து மெலிந்த நோயாளிக்குப் பருப்பும் கேழ்வரகும் கீரையும் உடன் வேண்டும்.

அரிசியும் கிழங்கும் உண்பவர் கோதுமையை முற்றிலும் தவிர்த்துவிட்டதாக எண்ணும்போதும், கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மைதா சேர்வதுண்டு என்பதால், சாம்பாரிலும் ரசத்திலும் அது நுழைந்துவிடுகிறது. குளூட்டன் அற்றது என்று விற்கும் பொருளில் அதன் அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது இந்திய விதி. சீலியாக் நோயை அறியக் குருதியில் எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்தினால், நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரக்கூடும்.