பெருக்கலும் சிக்கனமும்

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் காற்றாலும் சூரிய ஒளியாலும் மின்சாரம் ஆக்குவதற்கு, இந்திய அரசின் நன்கொடையோடு 2024 மார்ச்சு மாதத்தில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அன்றும் அத்தீவுகள் தேசிய மின்வலைக்கு வெளியேதான் இருந்தன. டீசல் மின்பிறப்பாக்கிகளே அவற்றுக்கு ஒளி தந்தன. மின்சாரத்தை அளந்து செலவிட்டுப் பழகிய மக்களுக்குச் சிக்கனத்தைப் பற்றி எவரும் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை. ஆயின், அவர்கள் கையிலுள்ள தொலைபேசிக்குள்ளும் அதே சிக்கனத்திற்கான முயற்சி ஒன்று உண்டு. அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1830-இல் எவரிஸ்ட் கல்வா என்னும் பிரெஞ்சு இளைஞன், குறிப்பிட்ட தொகை உறுப்புகளுக்குள்ளேயே கூட்டல் முதலான நான்கு செய்கைகளும் நிறைவுறும் எண்ணுலகை விளக்கினான். முடிவுள்ள புலம் என்று இன்று அதனைக் கூறுவர். முடியாட்சியை எதிர்த்த குடியரசுவாதியாகிய அவன் 1831-இல் சிறை புகுந்தான். 1832 மே 31-இல், இருபதாம் வயதில், துப்பாக்கிச் சண்டையிற் பட்ட காயத்தால் மாண்டான்.

நம் வாய்பாட்டில் மூன்றை மூன்றாற் பெருக்கினால் ஒன்பது. துவித எண்ணில் மூன்று என்பது 11. கணினிக்கேற்ற புலங்களில் ஒன்றும் ஒன்றும் கூடினாற் பூச்சியம்; மிகுதியை அடுத்த இடத்திற்குக் கொண்டுசெல்லும் வழக்கமே இல்லை. ஆகவே 11-உம் இடந்தள்ளிய 110-உம் கூடி 101 ஆகும். நான்கே உறுப்புகள் கொண்ட புலத்தில் அதற்கு இடமில்லை. அப்புலத்திற்குரிய 111-ஐக் கொண்டு அதனைக் குறைத்தால் 10, அதாவது இரண்டு, எஞ்சும்.

மிகுதியைக் கொண்டுசெல்லாத இவ்வியல்பே பொறியியலாளர்க்குக் கிடைத்த பேறு. சாதாரணப் பெருக்கியில் ஓரிடத்து மிகுதி அடுத்த இடத்தை அசைக்கும். அது அதற்கடுத்ததை அசைக்கும். சில்லிலுள்ள நுண்ணாளிகள் நிலை மாறுந்தோறும் மின்சாரம் செலவாகிறது அன்றோ?

1960-இல் ரீட், சொலமன் என்னும் இருவர், வழியிற் சிதைந்த செய்தியைத் திருத்த இப்புலங்களைப் பயன்படுத்தினர். அதே ஆண்டில் மொஸ்கோவில், பள்ளிப் பெருக்கலினும் விரைவான முறை இருத்தலரிது என்று பேரறிஞர் கொல்மகோரவ் கருதியிருக்க, 23 வயதினரான கரட்சுபா நான்கு பெருக்கலை மூன்றாகக் குறைத்துக் காட்டினார். அவர் முறை இப்புலங்களுக்கும் பொருந்துவதாயிற்று. 1982-இல் பெர்லிகாம்ப் ஒவ்வோர் இலக்கமாகப் பெருக்கும் சிறு சுற்றை வகுத்தளித்தார். 2001-இல் அமெரிக்க அரசு நியமமாக ஏற்ற மறைகுறி முறையும் 256 உறுப்புகள் கொண்ட புலத்தின் மேலேயே நிற்கிறது. இன்று தொலைபேசிகள் செய்திகளைப் பூட்டுவதற்கு அதனைக் கையாளுகின்றன.

எனினும், சிக்கனம் விலையின்றி வருவதன்று. ஒவ்வோர் இலக்கமாகப் பெருக்கும் சுற்று ஒரு கணத்தில் உண்ணும் மின்சாரம் சிறிது. ஆனால் அது நெடுநேரம் உழைத்தல் வேண்டும். யாவற்றையும் ஒருங்கே பெருக்கும் சுற்று விரைந்து முடிக்கும். ஆனால் இலக்கங்கள் இருமடங்கானால் அதன் தருக்கப் படலைகள் ஏறத்தாழ நான்கு மடங்காகும். விரைவா, சிக்கனமா என்று முடிவு செய்வோர் எவருடைய தேவையை மனத்திற் கொள்கின்றனர்? மின்சாரம் குன்றாத நகரத்தாரின் தேவையையா, மின்கலத்தைக் காத்து வைக்கும் தீவாரின் தேவையையா?

அம்முடிவைச் செய்வோருள் நம் பிள்ளைகளும் இடம்பெறல் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது. ஆசிரியராகிய நாமோ வாய்பாட்டை ஒப்புவிக்கச் செய்வதோடு நின்றுவிடுகிறோம். மூன்றை மூன்றாற் பெருக்கினால் இரண்டாகும் உலகமும் உண்டென்று ஊர்காவற்றுறை வகுப்பறையிற் சொல்வதற்குத் தமிழும் ஒரு துண்டு வெண்கட்டியும் போதும், மின்சாரங்கூட வேண்டியதில்லை.