ஒன்பதாயிரம் படத்தில் எங்க ஊருக்கு ஒன்பது

போன பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை என் பையன் தாம்பரத்திலிருந்து திருச்சிக்குக் கிளம்பினான். மாமியார் வீட்டுக்குப் பொங்கல் வரிசை வாங்கப் போறான். "திரும்பும்போது போகிக்கு நம்ம வீட்டுக்கு வந்துடறேன்பா"ன்னு போன்ல சொன்னான். போற வழியில எங்க ஊரைத் தாண்டித்தான் போகணும். மதுராந்தகத்துக்கு இந்தப் பக்கம், ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டின ஊர் எங்களது. நிக்க நேரமில்லை, சரி போகட்டும்.

போகி அன்னிக்கு வந்ததும் முதல் வேலையா போனை எடுத்து எங்க அம்மாகிட்ட நீட்டினான். "ஆயா, இங்க பாரு. தாம்பரத்துலேருந்து திருச்சி வரைக்கும் அஞ்சே நிமிஷம்!"

விஷயம் இதுதான். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே போனைப் பொருத்தி, ரெண்டு நொடிக்கு ஒரு படம் தானா எடுக்கிற மாதிரி வெச்சிருக்கான். அஞ்சு மணி நேரப் பயணம், 9,000 படம். அதை நொடிக்கு 30 படம் வீதம் ஓட்டினா அஞ்சு நிமிஷ வீடியோ. டைம்லாப்ஸ்னு பேரு. கேக்கறதுக்கு சுலபம், செய்யறது கஷ்டமாம். கண்ணாடியில டேஷ்போர்டோட நிழல் விழாம இருக்கக் கறுப்புத் துணி விரிக்கணும். வெயில்ல போன் சூடாகி நின்னு போயிடும், அதனால ஏசி காத்து அதுமேல படணும். சார்ஜர் கழலக் கூடாது. வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டி வைக்கலைன்னா ஒவ்வொரு மேகத்துக்கும் படம் மினுக்கும். முதல் ரெண்டு தடவை சொதப்பி, மூணாவது தடவைதான் சரியா வந்ததுன்னான்.

அம்மாவுக்கு வயசு எழுபத்தெட்டு. பிறந்தது முடிச்சூர் பக்கம். வீடியோவை முழுசா பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "இதுல என் ஊர் எங்கடா கண்ணு? நம்ம ஊர் எங்க?"

அவன் சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரலை. அந்த ராத்திரி உக்காந்து கணக்குப் போட்டேன்.

வண்டி 80 கிலோமீட்டர் வேகத்துல போனா நொடிக்கு 22 மீட்டர். ரெண்டு நொடிக்கு ஒரு படம்னா, ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 44 மீட்டர் காணாமப் போகுது. எங்க ஊர் ரோட்டோரமா 400 மீட்டர் நீளம். அப்போ ஒன்பது படம், ஒரு நொடியில மூணுல ஒரு பங்கு. கண் சிமிட்டினா ஊர் போச்சு. ஆனா பெருங்களத்தூர்ல நாப்பது நிமிஷம் டிராஃபிக்ல நின்னிருக்காங்க. அதுக்கு 1,200 படம், வீடியோவுல முழுசா 40 நொடி! எங்க வண்டி நின்னதோ அதைத்தான் அந்தப் பெட்டி ஞாபகம் வெச்சுக்கும். ஓடின இடத்தையெல்லாம் மறந்துடும்.

இதுல ஆச்சரியம் என்னன்னா, இந்தியாவுல இந்த வித்தை ரோட்டுலயோ ரயில்லயோ பிரபலமாகலை. ஒரு பூந்தொட்டியில ஆரம்பிச்சது. 1912-ல தாதாசாகேப் பால்கே இங்கிலாந்து போய் கேமரா வாங்கிட்டு வந்தார். படம் எடுக்கப் பணம் வேணும், கடன் கொடுக்க ஆளில்லை. என்ன செஞ்சார் தெரியுமா? தொட்டியில ஒரு பட்டாணியை ஊன்றி, அதுக்கு முன்னாடி கேமராவை நிறுத்தி, ஒரு மாசத்துக்கும் மேலா கொஞ்சம் கொஞ்சமா படம் பிடிச்சார். ஓட்டிப் பார்த்தா ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேல. முளை விட்டு, தண்டு நீண்டு, கொடி ஏறுது. 'அங்குராச்சி வாட்', முளையின் வளர்ச்சின்னு அர்த்தம். அதைப் பார்த்துத்தான் பணம் கொடுக்க ஆள் வந்தது. அடுத்த வருஷம், 1913-ல 'ராஜா ஹரிச்சந்திரா' வந்தது. இந்திய சினிமாவுக்கு ஜாமீன் நின்னது ஒரு பட்டாணிச் செடின்னு சொன்னா, விவசாயி நான் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கலாம் இல்லையா!

ஓடுற வண்டியிலிருந்து படம் எடுக்கிறதும் புதுசு இல்லை. 1890-களின் கடைசியிலேயே வெளிநாட்டுல ரயில் இஞ்சின் மூக்குல கேமராவைக் கட்டி எடுத்திருக்காங்க. ஆளே இல்லாம பாதை மட்டும் நம்மை நோக்கி ஓடி வர்றதால அதுக்குப் 'ஃபாண்டம் ரைடு'ன்னு பேரு, பேய்ச் சவாரி. அதுல ஒண்ணைப் பத்திப் படிச்சதுலேருந்து என் மனசு ஆறவே இல்லை. அமெரிக்காவுல சான் பிரான்சிஸ்கோ நகரத்துல மார்க்கெட் தெருவுல, கேபிள் கார் முன்னாடி கேமராவை வெச்சு மைல்ஸ் சகோதரர்கள் எடுத்த படம். குதிரை வண்டி, மோட்டார், குறுக்கே ஓடுற பசங்க, எல்லாம் அதுல இருக்கு. 1906 ஏப்ரல் 18 அன்னிக்கு நிலநடுக்கமும் தீயும் அந்த ஊரையே தின்னுடுச்சு. படம் முன்னாடியே நியூயார்க்குக்குக் கிளம்பிட்டதால தப்பிச்சது. ரொம்ப காலம் அது 1905-ல எடுத்ததுன்னு நினைச்சிருக்காங்க. பிறகு ஒரு ஆராய்ச்சியாளர் தெருவுல தேங்கின மழைத்தண்ணி, நிழல் விழுற கோணம், ஒரு காரோட நம்பர் பலகை இதையெல்லாம் வெச்சு, நிலநடுக்கத்துக்குச் சில நாள் முன்னாடி எடுத்ததுன்னு கண்டுபிடிச்சார். எடுத்தவங்களுக்கு அது வேடிக்கை. நாலு நாள் கழிச்சு அதுவே அந்த ஊரோட கடைசி சாட்சி.

நம்ம ரோட்டுக்கு அப்படி யாராவது எடுத்து வெச்சாங்களா? கேமரா வெச்சு எடுத்தது எனக்குத் தெரிஞ்சு இல்லை. ஆனா வருஷங்களை ஒண்ணு பின்னாடி ஒண்ணா அடுக்கினா அதுவும் ஒரு டைம்லாப்ஸ்தான். ஓட்டிப் பார்க்கலாம் வாங்க.

கிராண்ட் சதர்ன் ட்ரங்க் ரோடுங்கிறதுதான் ஜிஎஸ்டி. சென்னையிலிருந்து வடக்கே போறது ஜிஎன்டி, தெற்கே போறது இது. நெடுஞ்சாலை எண்ணை 2010-ல மாத்திட்டாங்க. ஆனா எங்க ஊர்ல இன்னும் யாரும் என்.எச். 45-ஐ விடலை.

1802 ஏப்ரல் 10. வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் 100 அடி எஃகுச் சங்கிலியைத் தரையில கிடத்துறார். இந்தியா முழுக்க அளந்த அந்தப் பெரிய நில அளவைக்கு அதுதான் அடிக்கோடு. தெற்கே ஏழரை மைல், அதாவது சுமார் 12 கிலோமீட்டர். கிட்டத்தட்ட 400 தடவை சங்கிலியை எடுத்து எடுத்து வெச்சிருக்கணும். என் பையன் 44 மீட்டரைத் தாவித் தாவிப் போனான். அந்த மனுஷன் ஒரு அங்குலம்கூட விடாம தவழ்ந்து போனார்.

1863. பல்லாவரத்துல ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் குனிஞ்சு எடுக்கிறார். இந்தியாவுல முதல்ல அடையாளம் கண்ட பழைய கற்காலக் கருவி. 1912. குரோம் முறையில தோல் பதனிடுற ஆலை பல்லாவரம் பக்கம் வருது. அந்த குரோம்தான் குரோம்பேட்டை. அதே வருஷம்தான் பால்கேவோட பட்டாணியும் முளைச்சது! 1928. காசநோய்க்காரங்களுக்கு நல்ல காத்து வேணும்னு சவுரி முத்து டாக்டர் தாம்பரத்துல சானடோரியம் ஆரம்பிக்கிறார். இன்னிக்கு அந்த ஸ்டேஷன் பக்கம் நின்னு மூச்சு இழுத்துப் பாருங்க, காலம் எவ்வளவு மாறியிருக்குன்னு நுரையீரலே சொல்லும். 1931. பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில். 1937. கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுட்டு தாம்பரம் காட்டுக்கு வருது.

இது வரைக்கும் படம் மெதுவா ஓடும். ஊருக்கு ஒண்ணு ரெண்டு கட்டடம், மிச்சமெல்லாம் கழனி. அம்மா கல்யாணமாகி எங்க ஊருக்கு வந்தது அறுபதுகள்ல. அப்போ தாம்பரம் தாண்டினா ரெண்டு பக்கமும் புளிய மரமாம், வெயிலே தெரியாதாம். புளி காய்ச்சா மகசூலை ஏலம் விடுவாங்களாம். அதுக்கப்புறம் படம் ஓட்டமெடுக்குது. 1985-ல வண்டலூர் மிருகக்காட்சிசாலை. பிறகு நாலு வழிச் சாலை, மரங்கள் போச்சு. ஐடி கம்பெனி. 2021-ல தாம்பரம் மாநகராட்சி. 2023 டிசம்பர் கடைசியில கிளாம்பாக்கம் பேருந்து முனையம். நூறு வருஷத்துக்கு ஒரு படம் எடுத்தாலே போதும்னு இருந்த இடம், இப்போ மாசத்துக்கு ஒண்ணு எடுத்தாலும் பத்தாது.

ஒண்ணு மட்டும் மாறலை, பேரு. பெருங்களத்தூர்ல களம் இருக்கு. பீர்க்கன்காரணையில பீர்க்கு இருக்கு. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், எதைக் கேட்டாலும் கூடவே ஒரு ஏரி. மேட்டு ஏரி நிரம்பினா கலங்கல் வழிஞ்சு கீழ் ஏரிக்கு. செம்பாக்கத்துத் தண்ணி நன்மங்கலம் வழியா பள்ளிக்கரணை சதுப்புக்குப் போகும். இந்தப் பக்கம் வழியிறது அடையாத்துக்கு. ஏரிக்கும் ஏரிக்கும் நடுவுல கால்வாய் ஓடின இடத்துல வீட்டுமனை வந்தது. தண்ணி பேரையும் மறக்காது, வழியையும் மறக்காது. 2015 டிசம்பர் முதல் ரெண்டு நாள்ல, தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர்ல வீட்டு மாடியிலிருந்து ஜனங்களைப் படகுல இறக்கினாங்க. டிவியில அதைப் பார்த்த அம்மா ஒரு சொட்டு அழலை. "அது எங்க கழனிடா. கழனியில தண்ணி நிக்காம என்ன பண்ணும்?"ன்னாங்க. அவ்வளவுதான்.

அந்தக் கழனியை எங்க தாத்தா வீட்டுல 1980-கள்ல வித்தாங்க. பெரிய காரணம் ஒண்ணும் இல்லை. பக்கத்துக் கழனிக்காரர் வித்துட்டார், அவர் பக்கத்துல மஞ்சள் கல் நட்டாங்க, வாய்க்கால் தூர்ந்தது, தண்ணி வரலை. தண்ணி வராத கழனியை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? யாரும் விவசாயத்தை விடணும்னு விக்கலை. ஒவ்வொருத்தரா வித்ததுல விவசாயம் விட்டுப்போச்சு.

இதை ஏன் இப்போ எழுதறேன்னா, அதே மஞ்சள் கல் எங்க ஊருக்கும் வந்துடுச்சு. ரோட்டோரம் எங்களுக்கு ஒண்ணரை ஏக்கர் கழனி, எனக்கும் தம்பிக்கும் பொது. ஏரிப் பாசனம். எங்க பக்கத்து மதுராந்தகம் ஏரி தெரியுமில்லையா, 1790-கள்ல கலெக்டர் லியோனல் பிளேஸ் காலத்துல கரை உடையாம ராமர் காத்தார்னு சொல்லுவாங்களே, அந்த ஏரி. நம்ம ஏரி சின்னது, அதுக்கு அப்படிக் கதை கிடையாது. தம்பி அவன் பங்கை விக்கலாம்னு நினைக்கிறான். அவன் மேல எனக்குக் கோபம் இல்லை. ரெண்டு பொண்ணு, ஒண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ், அவன் கணக்கு அவனுக்கு. ஆனா அவன் பங்கு மேல்கோடியில இருக்கு. மதகுத் தண்ணி அதைத் தாண்டித்தான் என்னோடதுக்கு வரணும். மஞ்சள் கல் கதை எங்க முடியும்னு எனக்குத் தெரியும். அம்மா வீட்டுல பார்த்தாச்சு.

பொங்கல் அன்னிக்குச் சாயங்காலம் பையன்கிட்ட கேட்டேன். "அந்த 9,000 படத்தையும் தனித்தனியா பார்க்க முடியுமாடா?" முடியும்னான். அம்மாவைப் பக்கத்துல உக்கார வெச்சு ஒவ்வொண்ணா தள்ளினோம். வேகமா ஓடும்போது காணாம போனதெல்லாம் நின்னு பார்த்தா இருக்கு! பெருங்களத்தூர்ல பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுச் சந்துல தூரத்துல மலை தெரிஞ்சது. அம்மா விரலை வெச்சாங்க. "இந்த மலைக்கு இந்தப் பக்கம் நான் பிறந்தேன்." பீர்க்கன்காரணை ஏரித் தண்ணி ரெண்டு படத்துல மின்னுச்சு. அப்புறம் எங்க ஊர், ஒன்பது படம். நாலாவதுல எங்க கழனி. அஞ்சாவதுல வரப்பு மேல ஒரு ஆள், சட்டை இல்லாம, தலையில துண்டோட. நான்தான். அன்னிக்கு அந்த நேரத்துல மடை திருப்பிட்டு இருந்திருக்கேன். ரோட்டுல என் பையன் வண்டி போனது எனக்குத் தெரியலை. வரப்புல அப்பன் நின்னது அவனுக்கும் தெரியலை. ஆறாவது படத்துல நான் இல்லை.

பையன் அதைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் பேசலை. ஊருக்குத் திரும்பும்போது அவனோட பழைய போன் ஒண்ணைக் கொடுத்துட்டுப் போனான்.

அதைப் பம்ப்செட் ரூம் ஜன்னல்ல கட்டி வெச்சிருக்கேன். நவரைக்கு நேரடியா விதைச்ச அன்னிக்கு ஆரம்பிச்சேன். பகல்ல மணிக்கு ஒரு படம், நாளைக்கு 12. அறுப்பு வரைக்கும் 110 நாள், 1,320 படம். ஓட்டினா 44 நொடி. பெருங்களத்தூர் நெரிசலுக்கு 40 நொடி கிடைச்சதே, ஒரு போகத்துக்கு அதைவிட நாலு நொடி கூட.

தம்பிகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லியிருக்கேன். "அறுப்பு முடியட்டும், இந்தப் படத்தைச் சேர்ந்து உக்காந்து பார்ப்போம், அப்புறம் பேசுவோம்." சரிண்ணான்னு சொல்லியிருக்கான். பால்கேவுக்குப் பட்டாணி கடன் வாங்கிக் கொடுத்தது. எனக்கு இந்த நெல்லு என்ன வாங்கிக் கொடுக்கும்னு பார்ப்போம்.

நீங்களும் அடுத்த தடவை இந்த ரோட்டுல ஊருக்குப் போனா வீடியோ எடுங்க, வேணாம்னு சொல்லலை. எடுத்ததை ஒரு தடவையாவது நிறுத்தி நிறுத்திப் பாருங்க. யாராவது வரப்பு மேல நின்னுட்டிருப்பாங்க.